ஓடுகிற பிள்ளைக்கு மனசும் இருக்கிறது

சென்ற முறை காணி உறுதியைத் தொலைத்தவர்கள் என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன். இம்முறை விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். "அடுப்படியில வேலை கிடக்கு, நமக்கென்ன விளையாட்டு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இதில் உங்களுக்கும் எனக்கும் வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் மருதமுனையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு உம்மா கைத்தறி நெய்து பிழைப்பவர். கணவரை 2004 சுனாமி கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பே, 1990இல், அவருடைய காக்கா வயலுக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. உம்மாவும் மகளும் மட்டும்தான் வீட்டில். கடல் வந்தபோது மகளுக்கு மூன்று வயது. இப்போது உளவியலையும் ஒரு பாடமாக எடுத்துப் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டத்திலும் இருநூறு மீற்றர் ஓட்டத்திலும் பெயர் எடுத்தவள்.

நான் போனது வேறு வேலைக்கு. பிள்ளை தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ராத்தா, எனக்கு மேல படிக்கணும். மாஸ்டர்ஸ். விளையாட்டு உளவியல் எண்டு ஒரு பாடம் இரிக்கி."

தறிச் சத்தம் நின்றது.

"அது என்ன படிப்பு புள்ள?" என்றார் உம்மா.

"விளையாடுற ஆக்கள்ட மனசப் பத்தின படிப்பு உம்மா."

"ஓடுறது காலு. அதுக்குள்ள மனசு எங்கால வந்திச்சி? ரீச்சர் வேலைக்கு எழுதிப் போடு எண்டு சொன்னா, இவ ஓட்டத்துக்கு ஒரு படிப்புக் கொண்டுவாறா!"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கல்முனைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய இருபது வருடமாக நான் யாருக்கும் சொல்லாத ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்தது. இன்று அதை உங்களிடம் சொல்லப்போகிறேன்.

வெடி கேட்டதும் நான் செய்தது

நான் பிறந்தது 1990இல். எங்கள் பக்கத்தில் அது எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உம்மா என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பாடசாலை மண்டபத்தின் சீமெந்துத் தரையில் பல இரவுகள் படுத்திருந்தவர். நான் வளர்ந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் முதலில் சொல்லித் தரப்பட்டது. சத்தம் கேட்டால் விழுந்து படு. காதைப் பொத்து. எழும்பி ஓடாதே.

2006ஆம் ஆண்டு எனக்குப் பதினாறு வயது. யுத்தம் திரும்பவும் சூடு பிடித்திருந்த நேரம். இல்ல விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றரில் முதலாவதாக வந்ததால் அடுத்த மட்டப் போட்டிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பயிற்சியிலெல்லாம் கட்டையைத் தட்டித்தான் ஓடவிடுவார்கள். அன்று பெரிய போட்டி. துவக்கு வைத்திருந்தார்கள்.

வெடிச் சத்தம் கேட்டது. மற்றப் பிள்ளைகள் ஓடினார்கள். நான் அப்படியே நிலத்தில் குந்தி, முகத்தைப் புழுதியில் வைத்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. சுற்றி நின்றவர்கள் சிரித்தது மட்டும் கேட்டது. என்னைக் கூட்டிப் போனவர், "பயந்தாங்கொள்ளி, வெக்கம் கெடுத்திட்டாய்" என்றார்.

அன்றோடு ஓட்டம் முடிந்தது. சப்பாத்தைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் ஓடுவதில்லை என்று கேட்டவர்களுக்கு, "வயசுக்கு வந்த புள்ள ஓடக்கூடாதாம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் அந்தப் பதிலை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அது எனக்கு வசதியான பொய்யாக இருந்தது.

பிறகு பல்கலைக்கழகம் போனேன், சமூகவியல் படித்தேன், வேலைக்கு வந்தேன். உளசமூகப் பயிற்சிகள் எத்தனையோ எடுத்திருக்கிறேன். என்றாலும், அந்தப் பிள்ளை தேநீரை வைத்துவிட்டு அந்தப் பாடத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அன்று நான் கோழையாக இருக்கவில்லை. என் உடம்பு தனக்குப் படிப்பிக்கப்பட்டதை ஒழுங்காகச் செய்தது. இடம் மட்டும்தான் மாறிவிட்டது. அதை அறிந்த ஒரு ஆள் அன்று மைதானத்தில் இருந்திருந்தால், முதலில் கொடி அசைத்து ஓடவிட்டு, பிறகு தூரத்தில் வெடிவைத்து, மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவந்து என்னைப் பழக்கியிருப்பார். ஆகக் குறைந்தது, சிரிக்க வேண்டாம் என்று மற்றவர்களுக்காவது சொல்லியிருப்பார்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது?

பிள்ளைக்கு வழி சொல்வதற்கு முன் நான் இதைத் தேடிப் படித்தேன். அறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1898இல் அமெரிக்காவின் இந்தியானாவில் நோர்மன் ட்ரிப்லெட் என்பவர் சைக்கிள் ஓட்டப் போட்டிகளைக் கவனித்தார். தனியே ஓடுகிறவரைவிடப் பக்கத்தில் ஒருவர் ஓடும்போது வேகம் கூடுவதைக் கண்டார். பிறகு நாற்பது பிள்ளைகளிடம் தூண்டில் நூல் சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாகவும் இன்னொரு பிள்ளையோடு சேர்த்தும் சுற்றவிட்டார். இருபது பேர் போட்டியில் வேகமானார்கள். பத்துப் பேரில் பெரிய மாற்றம் இல்லை. மற்றப் பத்துப் பேரும் பதற்றத்தில் தடுமாறினார்கள். சகோதரிகளே, அந்தப் பத்துப் பேரை மறந்துவிடாதீர்கள். ஆற்றல் இருந்தும், ஆட்கள் பார்க்கும்போது கைகால் ஒத்துழைக்காதவர்கள் அவர்கள். அவர்களுக்கு என்ன நடக்கிறது, எப்படி உதவலாம் என்று கேட்பதும் இந்தப் படிப்பில் ஒரு பெரிய பங்கு.

1925இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிபித் என்பவர் இதற்கென ஓர் ஆய்வுகூடத்தை நடத்தத் தொடங்கினார். 1932இல் பணம் இல்லாமல் அது மூடப்பட்டது. 1965இல் உரோம் நகரில் விளையாட்டு உளவியலுக்கான சர்வதேசச் சங்கம் உருவானது. அதன் பின்னர்தான் பல நாடுகளிலும் இது ஒரு தனித்துறையாக வளர்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டி மும்பாயில் நடந்தபோது வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியின் முன் இருந்தோமே, இலங்கை தோற்றுப்போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இந்திய அணியோடு 2008இலிருந்து பெடி அப்டன் என்ற தென்னாபிரிக்கர் மனப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். துடுப்புப் பிடிக்க ஒருவர், பந்துவீச ஒருவர் என்பதுபோல மனசுக்கும் ஒருவர். அதே அப்டன்தான் சென்னைப் பிள்ளை குகேஷோடும் வேலை செய்தார். 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்கப் போட்டியில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. எதிரில் இருந்தவர் உலகச் சம்பியன் டிங் லிரென். அந்தத் தோல்வியில் உடைந்துபோகாமல் பதினான்கு ஆட்டங்களையும் ஆடி முடித்து, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் வென்றார். சதுரங்கத்தில் கால் ஓடுவதில்லை. உட்கார்ந்த இடத்தில் மனசுதான் ஓடுகிறது.

என்ன படிப்பிக்கிறார்கள்?

இந்தப் பிள்ளை விரும்புகிற பாடம் சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் என்று பெயர். 2004இல் சட்டம் இயற்றி 2005இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம். சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் இருக்கிறது. அங்கே விளையாட்டு உளவியலுக்கும் சமூகவியலுக்கும் சேர்த்து ஒரு துறை உண்டு. முதுமாணிப் படிப்பு இரண்டு வருடம். "சமூகவியலும் சேர்ந்தா?" என்று எனக்கே ஒரு சின்ன ஆசை வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் இதே படிப்பு முழுநேரமாக ஒரு வருடம். ஆனால் அங்கே முதுமாணிப் பட்டம் எடுத்தவுடன் "விளையாட்டு உளவியலாளர்" என்று பெயர்ப்பலகை போட முடியாது. அந்தப் பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. முதலில் அங்கீகரிக்கப்பட்ட உளவியல் பட்டம், பிறகு முதுமாணி, அதன் பிறகு மேற்பார்வையின் கீழ் ஏறக்குறைய இரண்டு வருடப் பயிற்சி, பின் பதிவு. என்னைப்போல் சமூகவியல் மட்டும் படித்தவர் முதலில் உளவியலுக்கு மாறும் ஒரு படிப்பை முடிக்க வேண்டும். பெடி அப்டன்கூடத் தன்னை மனப் பயிற்றுவிப்பாளர் என்றுதான் சொல்வார். உளவியலாளர் வேறு, மனப் பயிற்றுவிப்பாளர் வேறு. இந்த வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. நாளைக்கு யாராவது மூன்று மாதச் சான்றிதழோடு வந்து "உங்கட புள்ளைட மனசத் திருத்தித் தாறன்" என்று பணம் கேட்டால் நீங்கள் திருப்பிக் கேள்வி கேட்கலாம்.

பாடங்கள் எவை? குறிக்கோள் வைப்பது, கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்துவது, பதற்றத்தைக் கட்டுப்படுத்துவது, நடக்கப்போவதை மனக்கண்ணில் ஒத்திகை பார்ப்பது, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வார்த்தையைத் திருத்துவது, காயப்பட்டு வீட்டில் இருக்கும் வீரருக்கு உதவுவது, ஓர் அணிக்குள் ஒற்றுமையை வளர்ப்பது, ஆய்வு முறை, தொழில் ஒழுக்கம் என்று போகிறது.

இதில் குறிக்கோள் வைப்பது பற்றி அந்த உம்மாவிடம் பிறகொரு நாள் விளக்கப் பார்த்தேன். முதலாவதாக வரவேண்டும் என்பது ஒரு குறிக்கோள், ஆனால் அது நம் கையில் இல்லை, பக்கத்தில் ஓடுகிறவரின் காலிலும் இருக்கிறது. நம் கையில் இருப்பது அடுத்த எட்டு மட்டும்தான், அதனால் ஓடும்போது அதை நினைக்கப் பழக்குகிறார்கள் என்று சொன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதென்ன புதுக் கதையா மகள்? முழுச் சாரியையும் நினைச்சா தறியில குந்தேலாது. அடுத்த இழையத்தான் நினைக்கிற. முப்பது வருசமா நான் அதத்தானே செய்யிறன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. பல்கலைக்கழகத்தில் பருவக் கட்டணம் கட்டிப் படிக்கிற ஒரு பாடத்தை அவர் தறிக்குழிக்குள் இருந்து படித்திருந்தார்.

பெண்களுக்கு ஏன் இது கூடுதலாக வேண்டும்?

சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இருநூறு மீற்றரில் பதக்கம் வென்றதை நாமெல்லாம் அறிவோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்காக ஆசியக் கிண்ணங்களை வென்று தந்ததையும் அறிவோம். வென்றவர்களுக்கு மாலை போடுவோம். ஒரு பிள்ளை விழுந்தால் என்ன செய்கிறோம்?

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு குடும்பத்தின் மகள் சாந்தி சவுந்தரராஜன். 2006 டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீற்றரில் வெள்ளி வென்றார். பால் பரிசோதனை என்று ஒன்றைச் செய்து பதக்கத்தைப் பறித்தார்கள். செய்தி உலகமெல்லாம் போனது. அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபடும் என்று யார் கேட்டார்கள்? கடும் துயரத்துக்குள் போனார். சில வருடங்களின் பின் அவர் திரும்பவும் சூளையில் கூலி வேலை செய்வதாகச் செய்தி வந்தது. பின்னர் பயிற்சி பெற்று, பிள்ளைகளைப் பழக்கும் பயிற்றுவிப்பாளராக எழுந்து நின்றார். அந்த எழுச்சி அவருடைய சொந்தப் பலம். ஆனால் 2006இல் அவருக்குப் பக்கத்தில் இருந்து தாங்குவதற்கு ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் தோக்கியோவில், அந்தரத்தில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வே தனக்கு அற்றுப்போவதாகச் சொல்லி, அணிப் போட்டியின் நடுவில் விலகினார். கோழை என்று ஏசியவர்கள் உண்டு. மூன்று வருடம் கழித்து 2024இல் பாரிசுக்கு வந்து மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் எடுத்தார். விலகிய காலத்தில் அவருக்கு உளச்சிகிச்சை கிடைத்தது, ஓய்வு கிடைத்தது, நேரம் கிடைத்தது. பதினாறு வயதில் புழுதியில் முகம் வைத்த எனக்குக் கிடைத்தது ஒரு சொல்தான்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. உடுப்பு. முக்காட்டோடு ஓடலாமா, ஆண்கள் பார்க்கலாமா என்று ஊருக்குள் ஒரு கேள்வி. முக்காட்டோடு வந்தால் சேர்ப்போமா என்று வெளியில் ஒரு கேள்வி. 2011இல் ஈரான் நாட்டுப் பெண்கள் உதைபந்தாட்ட அணியைத் தலைத்துணிக்காகவே ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆடவிடாமல் தடுத்தார்கள். 2014இல் உதைபந்தாட்ட விதியில் தலைத்துணி அனுமதிக்கப்பட்டது. கூடைப்பந்தாட்டத்தில் 2017இல் அனுமதித்தார்கள். 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்ஸினா முக்காட்டோடு களமிறங்கினார். உலகக் கிண்ணத்தில் அப்படி ஆடிய முதற் பெண் அவர். உடுப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று தடுக்கத் தேவையில்லை என்பதற்கு இதுவே போதும். கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் பையன்கள் விளையாடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற பிள்ளைக்கு ஓடத் தெரியாமல் இல்லை. அவள் ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை அவள் ஓடுவதற்கு முன்பே நாம் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். இதைத்தான் சமூகமயமாக்கல் என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்தேன்.

உம்மாவின் வாக்குமூலம்

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

இந்தத் துறையைப் "விளையாட்டு மற்றும் செயலாற்றுகை உளவியல்" என்றும் சொல்கிறார்கள். மேடையில் பாடுகிறவர், சத்திரசிகிச்சை செய்கிறவர், பரீட்சை எழுதுகிறவர், தீயணைப்பு வீரர் என்று நெருக்கடிக்குள் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டிய எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்கு நம் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். காணாமற்போனவரைப் பற்றி அதிகாரிகளின் முன் சொல்லப் போகிறவர்களைவிட நெருக்கடிக்குள் நிற்பவர் யார்?

அந்த உம்மா பல வருடங்களுக்கு முன் தன் காக்காவைப் பற்றி ஒரு விசாரணையில் சொல்லப் போனவர். பெயர் கூப்பிட்டார்கள். கதிரையில் இருந்தார். நா ஒட்டிக்கொண்டது. திகதியைக் கேட்டார்கள், வரவில்லை. முன்னால் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்டும் ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்ததாம். காக்கா உடுத்திருந்த சாரனின் கட்டம்கூட. "என்ட காக்காவ நானே இன்னொருக்காத் துலைச்சிட்டு வந்திட்டன்" என்று என்னிடம் சொல்லி அழுதார்.

இந்த வருடம் அவருக்குத் திரும்பவும் ஒரு அழைப்பு வந்தது. போகமாட்டேன் என்று நின்றார். மகள்தான் சொன்னாள், "உம்மா, இத ஒரு ஓட்டப் போட்டி மாதிரிப் பழகுவம்."

இரண்டு கிழமை பழகினார்கள். நானும் மூன்று நாள் கூட இருந்தேன். பிள்ளை செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்களில் யாருக்காவது உதவும்.

சொல்ல வேண்டியதை ஐந்து துண்டாக உடைத்தாள். எந்த நாள், என்ன நேரம், என்ன உடுப்பு, யாரோடு போனார், கடைசியாகக் கண்டவர் யார். ஐந்தையும் ஐந்து விரலுக்கு வைத்தாள். ஒன்று மறந்தால் அடுத்த விரலுக்குப் போகலாம், மறந்ததற்குப் பிறகு திரும்பி வரலாம்.

வீட்டு மேசையைப் போட்டு, அந்தப் பக்கம் தான் இருந்து, எழுதுகிற ஆளாக என்னை வைத்தாள். கதவால் வருவது, கதிரையை இழுப்பது, ஸலாம் சொல்வது எல்லாம் ஒத்திகை. கடிகாரத்தைப் பார்க்கும் அதிகாரியாகவும் நடித்தாள். உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் பயிற்சிதான்.

நாலு எண்ணும் நேரம் மூச்சை எடுத்து, ஆறு எண்ணும் நேரம் மெல்ல விடச் சொன்னாள். மூச்சு நீளமாக வெளியே போகும்போது இதயத் துடிப்பு தணியும். அந்த எண்ணிக்கை உம்மாவுக்குச் சரிவரவில்லை. "நான் ஸுப்ஹானல்லாஹ் எண்டு சொல்லிக்கொண்டு விடுறன்" என்றார். அதுவும் சரியான வழிதான். யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் மக்களின் மனவடுக்களுக்கு மருத்துவம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், அவரவர் மார்க்கத்தில் உள்ள செபத்தையும் திக்ரையும் மனசைத் தளர்த்தும் பயிற்சியாகப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார்.

கடைசியாக, அழுகை வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தார்கள். அழலாம். தண்ணீர் கேட்கலாம். "கொஞ்சம் பொறுங்க, முடிச்சிட்டுத்தான் போவன்" என்று சொல்லலாம். இந்த வசனத்தை உம்மா பத்துத் தடவைக்கு மேல் சொல்லிப் பழகினார்.

அன்று நான் வெளியே வாங்கில் இருந்தேன். உள்ளே போனவர் முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தார். முகம் அழுதிருந்தது. ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினார். ஐந்தையும் சொல்லி முடித்துவிட்டார்.

அவருடைய காக்கா வரவில்லை. எந்தப் பதிலும் இன்னும் வரவில்லை. ஆனால் சாரனின் கட்டம் வரைக்கும் எழுத்தில் ஏறிவிட்டது. பஸ்ஸில் வரும்போது உம்மா மகளைப் பார்க்காமல் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார், "இது ஓட்டத்துக்கு மட்டுமான படிப்பு இல்லப் போலதான் இரிக்கி."

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பயிற்சிகள் ஒரு காரியத்தைச் செய்து முடிக்க உதவுபவை. மனவடுவுக்கான மருத்துவம் இவை இல்லை. நித்திரை வராமல், பழைய காட்சிகள் கண்முன் வந்துகொண்டே இருந்தால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கதைக்கலாம். நல்ல விளையாட்டு உளவியலாளரும் இப்படிப்பட்டவரை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார். தன் எல்லையை அறிவதும் அந்தப் படிப்பில் ஒரு பாடம்.

படித்தால் வேலை கிடைக்குமா?

நம் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி இது. கேட்பதில் பிழையில்லை. பிள்ளைக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

அம்பாறைக் கரையில் "விளையாட்டு உளவியலாளர் தேவை" என்று விளம்பரம் வரும் என்று நம்பி யாரும் படிக்கப் போகக்கூடாது. இந்தப் படிப்பை இன்னொரு தொழிலோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியை, உளவளத்துணையாளர், பயிற்றுவிப்பாளர், விரிவுரையாளர் என்ற ஏதாவது ஒரு தூண் வேண்டும். இதை அதன்மேல் ஏற்றலாம். விளையாட்டு விஞ்ஞானத்தில் முதற் பட்டம் படிக்க விரும்பும் தங்கைமாருக்கு பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரம் எழுதும்போதே அதை யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க முன் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் பட்டத்தை அவர்கள் ஏற்பார்களா? அவர்கள் தரும் பட்டத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? வெளிநாட்டு மாணவிக்கான கட்டணம், விடுதி, விசா எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? தரகர் வாயால் சொல்வதை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள்.

படிப்பில் செய்முறைப் பயிற்சி எவ்வளவு என்றும் கேளுங்கள். நீச்சலைப் புத்தகத்தில் படிக்க முடியாது என்பதைக் கடற்கரையில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் போகவில்லை. உம்மா ரீச்சர் வேலைக்கு எழுதிப்போடச் சொன்னார், எழுதிப்போட்டிருக்கிறாள். சென்னைக்கும் எழுதியிருக்கிறாள். எது முதலில் வந்தாலும் மற்றதை விடுவதில்லை என்று இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உம்மா ஒரு சீட்டில் சேர்ந்திருக்கிறார். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மாதர் சங்கம் போன மாதம் சிறு பிள்ளைகளுக்கு ஓட்டப் போட்டி நடத்தியது. துவக்கும் வேண்டாம், பட்டாசும் வேண்டாம் என்று இந்தப் பிள்ளை சொன்னாள். ஒரு சிலர், "அப்ப என்ன பெரிய போட்டி?" என்றார்கள். நான் எழும்பி, 2006இல் எனக்கு நடந்ததை முதன்முறையாக ஆட்களின் முன் சொன்னேன். நாலு எண்ணி மூச்சை எடுத்து, ஆறு எண்ணி விட்டுத்தான் தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு மாமி மட்டும், "எனக்கும் அப்பிடித்தான் மகள், இண்டைக்கும் கலியாண வீட்டுப் பட்டாசுக்குக் கட்டிலுக்குக் கீழ போவன்" என்றார்.

கொடி அசைத்துத்தான் பிள்ளைகள் ஓடினார்கள். நன்றாகவே ஓடினார்கள்.

உங்கள் ஊரிலும் போட்டி வரும். தொடக்கத்தில் ஒரு பிள்ளை ஓடாமல் நின்றுவிட்டால், குந்திவிட்டால், ஏசுவதற்கு முன் பக்கத்தில் போய் இருங்கள். "என்ன நடந்திச்சி மகள்?" என்று கேளுங்கள். அதற்கு முதுமாணிப் பட்டம் தேவையில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.